கை சைக்கிள் சுற்றும்போது இதயத்துடிப்பு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது, கை ஏன் முதலில் ஓய்கிறது?

கேள்வி இது: “எனக்கு வயது 29. பைக் விபத்தில் தண்டுவடம் டி10 மட்டத்தில் முழுமையாகப் பாதிக்கப்பட்டது. என் நண்பருக்கு சி6. இருவரும் ஒரே மையத்தில் கை சைக்கிள் சுற்றுகிறோம். என் வாட்ச் 165 வரை காட்டுகிறது. அவருக்கு 112ஐத் தாண்டுவதே இல்லை, ஆனால் என்னைவிட அவர்தான் அதிகம் களைத்துப்போகிறார். எனக்கு மூச்சு வாங்குவதற்கு முன்பே கை ஓய்ந்துவிடுகிறது. இப்போது வலது தோளும் வலிக்கிறது. இதெல்லாம் சரிதானா? பயிற்சியைத் தொடரலாமா?”

இரண்டு வாட்சும் காட்டுவது நம்பக்கூடிய எண்தான். உங்கள் நண்பர் சோம்பலாகச் சுற்றவில்லை. நீங்கள் சொன்னதில் உங்கள் இதயத்தைப் பற்றிப் பயப்படவும் எதுவும் இல்லை. தண்டுவடத்தில் காயம் எந்த மட்டத்தில் பட்டது என்பதைப் பொறுத்து (சி என்றால் கழுத்துப் பகுதி, டி என்றால் மார்புப் பகுதி; எண் கூடக் கூட மட்டம் கீழே இறங்கும்), உழைப்புக்கு உடல் ஈடுகொடுக்கும் விதமே மாறிவிடும். கையால் உழைப்பதும் காலால் உழைப்பதும் உடலுக்கு ஒன்றல்ல என்பது இன்னொரு விஷயம். பயிற்சியைத் தொடருங்கள். ஆனால் தோள் வலியை வைத்துக்கொண்டு, இப்போது செய்வதை அப்படியே செய்துகொண்டு போகாதீர்கள். மறுவாழ்வுப் பிரிவில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் நான். இந்தச் சந்தேகங்கள் எங்களிடம் அடிக்கடி வருபவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்டுவடத்தில் எந்தப் பாதிப்பும் இல்லாத ஒருவரை முதலில் எடுத்துக்கொள்வோம். அவரைக் கால் சைக்கிளில் முடிந்த மட்டும் மிதிக்கவிட்டு, உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கிறோம். இன்னொரு நாள் அதே ஆளைக் கை சைக்கிளில் வைத்து அளக்கிறோம். கையால் அவர் எட்டும் உச்சம், காலால் எட்டிய உச்சத்தில் சுமார் 70 சதவீதம்தான் இருக்கும். ஆளைப் பொறுத்து 60லிருந்து 80 வரை போகலாம். அந்த நேரத்தில் இதயமும் நுரையீரலும் இன்னும் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கின்றன. தொடை, பிட்டத் தசைகளோடு ஒப்பிட்டால் தோளும் புஜமும் மிகச் சிறியவை. வந்த ஆக்ஸிஜனை வாங்கிச் செலவழிக்க அங்கே போதுமான தசை இல்லை. உச்சகட்ட இதயத்துடிப்பும் கைப் பயிற்சியில் 10 முதல் 15 வரை குறைவாகவே நிற்கும். உங்கள் வயதுக்கு 220லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு 191 என்று சொல்லும். அதிலிருந்து இந்த 15ஐயும் கழித்துப் பாருங்கள். கடினமாகச் சுற்றும்போது 165 வருவதில் ஆச்சரியமே இல்லை.

உச்சத்தை விட்டுவிட்டு, இருவகையிலும் ஒரே அளவு வேலையை, 50 வாட் என்று வைத்துக்கொள்வோம், கொடுத்துப் பார்த்தால் கதை தலைகீழாகும். அதே 50 வாட்டுக்குக் கையால் உழைக்கும்போது இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சின் வேகம், ரத்தத்தில் லாக்டேட் (தசை கடுமையாக உழைக்கும்போது சேரும் பொருள்) எல்லாமே காலால் உழைப்பதைவிட அதிகமாக ஏறும். சின்னத் தசை தன் மொத்தத் திறனில் பெரும்பகுதியை அந்த வேலைக்கே கொட்ட வேண்டியிருக்கிறது. அதனால் வேகமாக இயங்கிச் சீக்கிரம் களைக்கும் தசை இழைகள் ஆரம்பத்திலேயே இறங்கிவிடுகின்றன. இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெருக்குகிறது. கை சுற்றுவதற்குப் பிடிமானம் கொடுக்கத் தோள்பட்டையும் முதுகும் அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த உழைப்பு வாட் கணக்கில் சேராது. இதய நோய் உள்ளவர் படியேறும்போது தாங்கிவிட்டு, கையைத் தூக்கி உத்தரத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்வதற்கும் இதே காரணங்கள்தான்.

ஆக, மூச்சு வாங்குவதற்கு முன்பே கை ஓய்வது உடல் இயங்கும் முறையிலிருந்தே வருவது. உங்களுக்கு அதில் இன்னொரு காரணமும் சேர்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் கெண்டைக்கால், தொடைத் தசைகள் சுருங்கிச் சுருங்கி, கீழே தேங்கும் ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். டி10 முழுப் பாதிப்பில் அந்தத் தசைகள் இயங்குவதில்லை. கால்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புக் கட்டளையும் அங்கே போய்ச் சேர்வதில்லை. அதனால் கொஞ்சம் ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்தால், ஒரு துடிப்பில் அது வெளியே தள்ளும் அளவும் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. கால் இயங்கும் ஒருவர் அதே வேலையைக் கையால் செய்தால் வரும் துடிப்பைவிட உங்களுடையது சற்று அதிகமாக இருப்பது இதனால்தான். இதய நரம்புகள் முழுதாக இருப்பதால்தான் உங்கள் உடலால் இப்படி ஈடுகட்ட முடிகிறது.

உங்கள் நண்பருக்கு அது முடியாது. அவருடைய 112க்கு வருவோம்.

இதயத்துக்கு இரண்டு வழிகளில் நரம்புக் கட்டளை வருகிறது. வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக நேராக இறங்குகிறது. தண்டுவடத்துக்குள் அது போவதே இல்லை. வேகத்தைக் கூட்டும் பரிவு நரம்புகளோ தண்டுவடத்தின் வழியே இறங்கி, மார்புப் பகுதியின் மேல் மட்டங்களில், அதாவது டி1 முதல் டி5 வரையிலான இடங்களில், வெளியே வந்து இதயத்தைச் சேர்கின்றன. சி6 மட்டத்தில் முழுப் பாதிப்பு என்றால் அந்தப் பாதை மேலேயே அறுந்துவிட்டது என்று அர்த்தம். பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வழியில்லை. எந்த நரம்பின் கட்டளையும் இல்லாமல் விட்டால் ஓர் இளைஞரின் இதயம் தானாகவே நிமிடத்துக்கு 100 சுமாருக்குத் துடிக்கும். ஓய்வில் அது 70க்கு இறங்கியிருப்பது வேகஸ் பிடித்து வைத்திருப்பதால். பயிற்சியின்போது வேகஸ் பிடியை விட்டதும் துடிப்பு 100ஐத் தொடுகிறது, மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. கழுத்து மட்டத்தில் முழுப் பாதிப்பு உள்ளவர்களுக்கு உச்சம் பெரும்பாலும் 100க்கும் 130க்கும் நடுவில் நின்றுவிடுவது இதனால்தான். அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் நரம்புகளும் காயத்துக்குக் கீழிருந்தே புறப்படுவதால், உழைக்கும்போது ரத்தத்தில் ஏற வேண்டிய அட்ரினலினும் சரியாக ஏறுவதில்லை.

அப்படிப் பார்த்தால் அவருடைய 112, அவர் இதயம் போகக்கூடிய வேகத்தின் எல்லைக்கு அருகில் இருக்கிறது. சி6 என்பதால் முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் அவருக்குக் கிட்டத்தட்ட இயங்காது. தோளின் முன்பக்கமும் பைசெப்ஸும்தான் மொத்தச் சுமையையும் தாங்குகின்றன. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலிழந்திருப்பதால் மூச்சுக்கு உதரவிதானத்தையே நம்ப வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் அவர் 20 நிமிடம் சுற்றுகிறார் என்றால், உங்களைவிட அவர் அதிகம் களைப்பது நியாயம்தானே? “இன்னும் முயற்சி பண்ணு, துடிப்பு ஏறவில்லை பார்” என்று யாரும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது. அது மனத்தை உடைப்பதோடு உடம்பையும் கெடுக்கும்.

அவர் துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையை அளக்கவே வேண்டாம். எங்கள் பிரிவில் பயன்படுத்துவது போர்க் (Borg) அளவுகோல்; உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்பதைச் செய்பவரே ஓர் எண்ணால் சொல்வது. 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்கு மேல் ஒரு சுற்றுகூட முடியாது என்ற நிலை. மிதமான பயிற்சிக்கு 12, 13. கடுமையானதற்கு 14 முதல் 16. அதுவும் குழப்பமாக இருந்தால் பேச்சை வைத்துப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்து, பாட முடியாவிட்டால் மிதமான உழைப்பு. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்செடுக்க வேண்டியிருந்தால் கடுமையானது. டி10 உள்ள உங்களுக்கு இதயத்துடிப்பு நம்பகமான அளவுதான், ஆனால் நடப்பவர்களுக்கான அட்டவணையிலுள்ள இலக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வாட்ச் காட்டும் கலோரிக் கணக்கை இரண்டு பேருமே நம்ப வேண்டாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தி மற்றவர்களைவிட 14 முதல் 27 சதவீதம் வரை குறைவாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இயங்கும் தசை குறைந்திருப்பது அதற்கு முக்கியக் காரணம். வாட்ச் 400 கலோரி என்று காட்டியதை நம்பி அந்த அளவுக்குச் சாப்பிட்டால் வயிற்றில் கொழுப்புத்தான் சேரும்.

உங்கள் நண்பர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அவருடன் பயிற்சி செய்பவர் நீங்கள் என்பதால் உங்களுக்கும் தெரிய வேண்டும். டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு, காயத்துக்குக் கீழே உடலை உறுத்தும் ஏதாவது ஒன்று இருந்தால் ரத்த அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் ஏறும். அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பது மருத்துவப் பெயர். மருத்துவமனையில் ஏடி என்பார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை, சிறுநீரை வெளியேற்றப் போடும் கத்தீட்டர் குழாய் மடங்கியிருப்பது, மலச்சிக்கல், புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம், தொடையை இறுக்கும் ஸ்ட்ராப், இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாகலாம். அவருக்கு வலி தெரியாது, ஆனால் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி அந்த உறுத்தலை உணர்ந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். “போதும்” என்று மூளை அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போகாது.

மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்ப்பது, கண் மங்குவது, மூக்கடைப்பு, ஒரு காரணமற்ற பதற்றம், இவைதான் அறிகுறிகள். துடிப்பு பெரும்பாலும் குறையும். கழுத்து மட்டப் பாதிப்பு உள்ளவர்களின் வழக்கமான மேல் அழுத்தம் 90, 100 என்றே இருப்பதால், 140 என்ற அளவு மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் அவர்களுக்கு அது ஆபத்தாக இருக்கலாம். வழக்கமான அளவிலிருந்து 20, 40 கூடினாலே ஏடி என்று சந்தேகிக்க வேண்டும். உடனே பயிற்சியை நிறுத்துங்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைக்கக் கூடாது. ஸ்ட்ராப், பெல்ட், ஷூ எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கத்தீட்டர் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் மருத்துவமனைதான். பக்கவாதம் வரைக்கும் போகக்கூடியது இது. அவசரப் பிரிவில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, அதனால் “எனக்கு ஏடி வரும், என் வழக்கமான பிரஷர் இவ்வளவு” என்று எழுதிய ஒரு சீட்டு அவருடைய வீல்சேர்ப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

விளையாட்டில் சிலர் இதையே வேண்டுமென்று வரவழைத்துக்கொண்டதும் உண்டு. சிறுநீர்ப்பையை நிரப்பி வைத்துக்கொண்டு, அழுத்தம் ஏறியதும் போட்டியில் இறங்குவார்கள். உழைக்கும் தசைக்கு ரத்தம் கூடுதலாகக் கிடைப்பதால் வேகம் உண்மையிலேயே கூடுகிறது. சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி இதைத் தடை செய்திருக்கிறது. உயிரோடு விளையாடும் செயல் என்பதால் அந்தத் தடை மிகச் சரியானது என்றே நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான சிக்கல், பயிற்சி முடிந்ததும் அழுத்தம் இறங்கிக் கிறுகிறுப்பது. திடீரென்று நிறுத்தாமல் கடைசி ஐந்து நிமிடம் சுமையில்லாமல் சுற்றினால் பெரும்பாலும் வராது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் அவருக்கு அழுத்தத்துக்கும் மூச்சுக்கும் உதவும். கண் இருட்டினால் வீல்சேரைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். எது ஏடி, எது அழுத்தம் இறங்கியது என்ற குழப்பம் வந்தால் பிரஷர் மெஷின்தான் முடிவு சொல்ல வேண்டும். மையத்தில் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். வியர்வைச் சுரப்பிகளை இயக்குவதும் அதே பரிவு நரம்புகள்தான். உங்களுக்கு இடுப்புக்கு மேல் வியர்க்கும், அதனால் ஓரளவு சமாளிப்பீர்கள். உங்கள் நண்பருக்கு உடம்பில் ஏறக்குறைய எங்கேயும் சரியாக வியர்க்காது. சித்திரை வைகாசியில் மின்விசிறி இல்லாத அறையில் அரைமணி நேரம் சுற்றினால் அவர் உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், இறங்க வழி இருக்காது. அதிகாலையில் செய்வது, முகத்திலும் கையிலும் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடித்து விசிறிக் காற்றைப் படவிடுவது, கழுத்தில் ஈரத்துண்டு, இதெல்லாம் அவருக்கு வியர்வையின் வேலையைச் செய்யும். கத்தீட்டர் போடும் நேரத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் பலர் உண்டு. குடிக்கும் அளவைக் குறைக்காமல், கத்தீட்டர் போடும் நேரத்தை மாற்றிக்கொள்வதுதான் நல்லது. பயிற்சிக்கு முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட வேண்டும், இது உங்கள் இருவருக்குமே.

அடுத்தது உங்கள் தோள். உங்கள் கேள்வியில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கால் இயங்கும் ஒருவர் ஜிம்மில் தோளைக் கெடுத்துக்கொண்டால் மூன்று மாதம் ஓய்வு கொடுத்துவிட்டு நடந்து திரிவார். நீங்கள் அதே தோளை ஊன்றித்தான் கட்டிலிலிருந்து வீல்சேருக்கும், வீல்சேரிலிருந்து காருக்கும் டாய்லெட்டுக்கும் மாற வேண்டும். கையால் வீல்சேர் ஓட்டுபவர்களில் 30 முதல் 70 சதவீதம் பேருக்குத் தோள் வலி இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற அது வசதி. உடம்பின் எடையைத் தாங்குவதற்கு அல்ல. இப்படிக் கையை ஊன்றி இடம் மாறும்போது, அதாவது டிரான்ஸ்ஃபர் செய்யும்போது, தோள் மூட்டுக்குள் ஏறும் அழுத்தம் தமனியின் ரத்த அழுத்தத்தைவிட இரண்டரை மடங்கு அதிகம் என்று 1987இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மூட்டை மூடியிருக்கும் தசைநாருக்கு ரத்தம் சரியாகப் போகாது. தினமும் பத்துப் பதினைந்து டிரான்ஸ்ஃபர் என்றால் வருடக்கணக்கில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதோடு வீல்சேர்ச் சக்கரத்தின் கைவளையத்தைத் தள்ளும் வேலை வேறு. நொடிக்கு ஒரு தள்ளல், அதில் ஒரு மீட்டர் தூரம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் தள்ளல். வளையத்தைத் தள்ளுவது திறமை குறைந்த இயக்கம். உடல் செலவழிக்கும் சக்தியில் 10 சதவீதம்கூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. கால் சைக்கிளில் 20 சதவீதத்துக்கு மேல் சேரும், கை சைக்கிள் இரண்டுக்கும் நடுவில். தள்ளும்போது மார்புத் தசையும் தோளின் முன்பக்கமும்தான் வேலை செய்கின்றன. அவை வலுத்து இறுகி, தோளை முன்னால் இழுக்கின்றன. தோள்பட்டை எலும்பைப் பின்னால் பிடித்து வைக்கும் தசைகளும், கையை வெளிப்புறமாகத் திருப்பும் சின்னத் தசைகளும் பின்தங்கிவிடுகின்றன. விளைவாக, கை உயரும்போது மூட்டின் மேல் கூரைக்கும் புஜ எலும்புக்கும் நடுவில் தசைநார் நசுங்குகிறது. உங்கள் வலது தோளில் நடப்பது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த நிலையில் கை சைக்கிளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வு வளரும். முன்னால் தள்ளும் பயிற்சி ஒன்றுக்கு, பின்னால் இழுக்கும் பயிற்சி இரண்டு என்ற கணக்கில் வையுங்கள். ஜன்னல் கம்பியிலோ கட்டில் காலிலோ ரெசிஸ்டன்ஸ் பேண்டைக் கட்டி, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு துடுப்பு போடுவதுபோல் இழுப்பது முதல் பயிற்சி. முழங்கையை 90 டிகிரி மடித்து விலாவோடு ஒட்டி, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புவது இரண்டாவது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னாலும் கீழேயும் இழுத்துச் சில நொடி பிடிப்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, 3 செட். அதோடு மார்புத் தசையை நீட்டிவிட வேண்டும். சாதாரணமாகத் தெரியும் இந்தப் பயிற்சிகளின் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தோள் வலி உள்ள தண்டுவடப் பாதிப்பாளர்கள் இந்த மாதிரியான வலுப்படுத்தும், நீட்டும் பயிற்சிகளை 12 வாரம் வீட்டில் செய்து, டிரான்ஸ்ஃபரும் தள்ளும் முறையும் திருத்திக்கொண்டபோது வலி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பயிற்சி செய்யாத குழுவில் மாற்றமில்லை. தலைக்கு மேல் எடை தூக்கும் பயிற்சியை வலி போகும் வரை தொடவே வேண்டாம்.

பயிற்சி நேரம் அரைமணி என்றால் மீதி நாள் முழுக்க நீங்கள் வீல்சேரில்தான் இருக்கிறீர்கள், அதனால் அந்த வீல்சேரையும் பாருங்கள். வளையத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கை 100 முதல் 120 டிகிரிக்குள் மடங்கியிருக்க வேண்டும். இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் தோளைத் தூக்க வேண்டியிருக்கும். பின்சக்கர அச்சை, வண்டி பின்னால் கவிழாத அளவுக்குள், முடிந்தவரை முன்னால் கொண்டுவந்தால் வளையம் அதிக நேரம் கைக்குக் கிடைக்கும். நீளமாக, மெதுவாக ஒரு தள்ளல்; அப்புறம் கையைத் தொங்கவிட்டு, வளையத்துக்குக் கீழே அரைவட்டமாகப் பின்னால் கொண்டுவர வேண்டும். வேகவேகமாகக் குட்டித் தள்ளல்கள் தோளையும் மணிக்கட்டையும் தேய்க்கும். டயரில் காற்றை வாரம் ஒருமுறையாவது பாருங்கள், காற்றில்லாத டயர் நாள் முழுக்கச் சுமை கூட்டும். இலவசமாகக் கிடைக்கும் மடக்கு வீல்சேர்கள் பெரும்பாலும் 18, 20 கிலோ இருக்கும், அச்சை நகர்த்தவும் முடியாது. ஐஐடி மெட்ராஸ் குழுவினர் 2025இல் 9 கிலோவில் ஒரு வீல்சேரை வெளியிட்டிருக்கிறார்கள். பணம் சேர்த்து ஒன்று வாங்குவதென்றால், ஜிம் சாதனத்துக்கு முன் உங்கள் அளவுக்குச் சரியாகப் பொருத்தக்கூடிய வீல்சேரை வாங்குங்கள் என்பேன்.

பிட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்கக் கையை ஊன்றி உடம்பைத் தூக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடலாம். முன்னாலோ பக்கவாட்டிலோ நன்றாகச் சாய்ந்து சுமார் 2 நிமிடம் இருப்பது தோலுக்கு அதைவிட நல்லது, தோளுக்கும் சுமையில்லை. தூக்கிக்கொண்டு அவ்வளவு நேரம் யாராலும் இருக்க முடியாது. டிரான்ஸ்ஃபரில் ஒரே கையை எப்போதும் முன்னால் போடாமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கை உடம்பை ஒட்டியே இருக்கட்டும். கட்டில் உயரமும் இருக்கை உயரமும் ஒன்றாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எவ்வளவு செய்ய வேண்டும்? தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. உடல் தகுதிக்கு, வாரம் இரண்டு நாளாவது 20 நிமிடம் மிதம் முதல் கடுமை வரையிலான, கை சைக்கிள் போன்ற ஏரோபிக் பயிற்சியும், இயங்கும் பெரிய தசைகள் ஒவ்வொன்றுக்கும் 3 செட் வலுப் பயிற்சியும் வேண்டும். சர்க்கரை, கொழுப்பு, இதய நோய் அபாயத்தைக் குறைக்க வேண்டுமானால் வாரம் மூன்று நாள், 30 நிமிடம். தொடர்ந்து 20 நிமிடம் சுற்றினால் உங்களுக்குக் கைதான் முதலில் நின்றுவிடும். அதனால் ஒரு நிமிடம் கடினமாக, ஒரு நிமிடம் லேசாக என்று மாற்றி மாற்றிப் பத்து முறை செய்யுங்கள், கை நடுநடுவே தெளியும், இதயத்துக்கும் வேலை கிடைக்கும். கை சைக்கிளின் அச்சு உங்கள் தோள் உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கட்டும். உங்கள் நண்பருக்குக் கைப்பிடியோடு கையைக் கட்டிவிட்டால், பிறகு விரல்களின் தோலைக் கட்டாயம் பாருங்கள். மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் தானாக மடங்கிப் பொருளைப் பிடிக்கும் திறன் அவருக்கு இருக்கும். விரலையும் மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பின்னால் வளைத்து நீட்டினால் அந்தப் பிடி தளர்ந்துபோகும்.

இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். கைத் தசையில் நுண்ணிய ரத்தக் குழாய்களும், ஆக்ஸிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடும். அதே சுமைக்குத் துடிப்பும் லாக்டேட்டும் குறையும். முன்பு மூச்சிறைத்த சாய்வுப் பாதையைப் பேசிக்கொண்டே ஏறுவீர்கள். மாற்றத்தின் பெரும்பகுதி தசையில்தான். இதயத்தில் நடப்பது அதைவிடக் குறைவு, உங்கள் நண்பருக்கு இன்னும் குறைவு. ஆனாலும் எல்லை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பயிற்சி பெற்ற வீல்சேர் பந்தய வீரர்கள் நிமிடத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிலிட்டருக்கு மேல் ஆக்ஸிஜன் பயன்படுத்துகிறார்கள். நடந்து திரியும் அலுவலக ஊழியர்கள் பலரால் அந்த அளவைத் தொட முடியாது. கைப் பயிற்சியால் நடக்காதது கால் எலும்பின் பலம். முழங்காலை ஒட்டிய எலும்புகள் மெலிந்துகொண்டேதான் போகும், அதனால் டிரான்ஸ்ஃபரின்போது கால் முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 முன்னாள் படைவீரர்கள் அங்கே வீல்சேரில் உட்கார்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். அதுதான் பின்னர் பாராலிம்பிக்காக வளர்ந்தது. வேலூர் சிஎம்சியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்துக்குப் பின் வீல்சேரில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்து, 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். இன்று இந்தப் பாதிப்போடு பல பத்தாண்டுகள் வாழ முடிகிறது. அதனாலேயே இதய நோயும் தேய்ந்த தோளும் இப்போது முன்னால் வந்து நிற்கின்றன. உங்களுக்கு 29 வயது. 60 வயதில் நீங்களே டிரான்ஸ்ஃபர் செய்துகொள்ள வேண்டும் என்று மனத்தில் வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

இப்போதைக்கு இரண்டு வாரம் கை சைக்கிளின் சுமையைப் பாதியாகக் குறைத்து, இழுக்கும் பயிற்சிகளையும் வீல்சேர்த் திருத்தத்தையும் தொடங்குங்கள். அதற்குள் வலி குறைய ஆரம்பித்தால் சுமையை மெதுவாக ஏற்றலாம். குறையவில்லை என்றாலோ, அந்தப் பக்கம் படுத்தால் தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலித்தாலோ, கையைப் பக்கவாட்டில் தூக்கவே முடியாமல் வலு குறைந்தாலோ, எலும்பு மருத்துவரிடமோ மறுவாழ்வு மருத்துவரிடமோ காட்டி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். கையில் புதிதாக மரத்துப்போதல் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். மணிக்கட்டு நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி மேல்நோக்கி வளர்ந்தாலும் முதலில் அப்படித்தான் தெரியும், அதை எம்ஆர்ஐ எடுத்துத்தான் பார்க்க முடியும்.